சமவெளி டீசலும் பனிமலைப் பயணமும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் எலவனாசூர்கோட்டையின் எந்த வீட்டிலும் தேங்காய் எண்ணெய் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தால் எண்ணெய் இறங்காது. வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். சிறிது நேரம் வெயிலில் வைப்பார்கள். அவசரமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துவார்கள். மேற்கே கல்வராயன் மலைமீதுள்ள ஊர்களில் உறைந்த எண்ணெய் இளக இன்னும் அதிக நேரமாகும். ஆனால், அதே குளிரில் அந்த வீட்டு வாசலைக் கடந்து போகும் லாரியின் டீசல் உறைவதில்லை. டீசலும் உறையக்கூடிய பொருள்தான் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. இந்த மறதிக்கு, தெற்கிலிருந்து வடக்கே போகும் ஓட்டுநர்கள் விலை கொடுக்க நேரிடுகிறது.

எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் 79-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. இந்தச் சாலை சேலத்தில் 44-ஆம் எண் நெடுஞ்சாலையோடு சேர்கிறது. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் அந்த 44-தான் நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரிலிருந்து 1-ஆம் எண் நெடுஞ்சாலை சோஜி லா கணவாய், திராஸ், கார்கில் வழியாக லே நகரை அடைகிறது. ஆக, எலவனாசூர்கோட்டையைக் கடக்கும் ஒரு லாரி, மூன்றே நெடுஞ்சாலைகளில் வெப்பமான சமவெளியிலிருந்து கடுங்குளிரான பள்ளத்தாக்குக்குப் போய்விட முடியும். சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களின் லாரிகள் நாடு முழுவதும் ஓடுகின்றன. காஷ்மீர் ஆப்பிள் தமிழகச் சந்தைக்கு வருவதும் இந்தச் சாலைகளின் வழியாகத்தான்.

2019-ஆம் ஆண்டின் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. அக்டோபர் 31-இல் லடாக் தனி ஒன்றியப் பிரதேசமானது. நவம்பர் 17-இல், லடாக்குக்கென இந்தியன் ஆயில் நிறுவனம் தயாரித்த குளிர்கால டீசலை மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா காணொலி வாயிலாக அறிமுகம் செய்தார். நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் செயல்படத் தொடங்கியது. புதிய மாவட்டம் பற்றிய செய்தி இப்பகுதி மக்களுக்கு நினைவிருக்கிறது. குளிர்கால டீசல் பற்றிய செய்தி அவ்வளவாக யாருக்கும் நினைவில்லை. நம் ஊர் லாரியின் பயணம் முடியும் இடத்தோடு தொடர்புடைய செய்தி அது.

டீசல் ஏன் உறைகிறது? தேங்காய் எண்ணெயில் நடப்பதற்கு இணையான ஒன்றுதான் இங்கும் நடக்கிறது. டீசல் ஒரே பொருளன்று. பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் நீண்ட, கிளையற்ற சங்கிலியாக அமைந்த பாரஃபின்களே மெழுகின் தன்மை கொண்டவை. இவை இயந்திரத்தில் நன்றாக எரியும். ஆகவே இவற்றை முற்றிலும் நீக்கிவிடவும் முடியாது. குளிர் ஏற ஏற முதலில் டீசல் மங்கலாகிறது. மெழுகு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாகப் படிகமாகத் தொடங்குவதே அதற்குக் காரணம். இதை ‘மங்கல் நிலை’ எனலாம். அடுத்து அந்தத் தகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து எரிபொருள் வடிகட்டியை அடைக்கின்றன. இது ‘வடிகட்டி அடைபடும் நிலை’. இன்னும் குளிர்ந்தால் டீசல் ஓடும் தன்மையையே இழந்து கூழாகிறது. அந்த நிலைக்குச் சற்று முந்தைய வெப்பநிலையே ‘ஒழுகுநிலை’.

டேங்கில் இருக்கும் டீசல் முழுவதும் கூழாக வேண்டியதில்லை. வடிகட்டி அடைபட்டாலே லாரி நின்றுவிடும். ஓட்டுநர் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தால் எண்ணெய் ஓடக்கூடிய நிலையில்தான் இருக்கும். இயந்திரம் ஏன் நின்றது என்பது புரியாமல், அவர் மின்கலத்தையும் பம்பையும் சோதித்துக் கொண்டிருப்பார். இரவு நேரக் குளிரில் அந்த ஒரு மணி நேரம் மிக முக்கியமானது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1460 என்ற தரநிலை, நாட்டில் விற்கப்படும் டீசலுக்கான இலக்கணத்தை வகுக்கிறது. அதன்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். மற்ற எட்டு மாதங்களும் கோடைக்காலம். வடிகட்டி அடைபடும் வெப்பநிலை கோடையில் 18 டிகிரி செல்சியஸுக்கு மேற்படக்கூடாது. குளிர்காலத்தில் 6 டிகிரிக்கு மேற்படக்கூடாது. ஒழுகுநிலைக்கான உச்சவரம்பு கோடையில் 15 டிகிரி. குளிர்காலத்தில் 3 டிகிரி. இவை உச்சவரம்புகள் மட்டுமே. சுத்திகரிப்பு ஆலைகள் இதைவிடச் சிறந்த டீசலையும் தரலாம். ஆனால், விதியாக எழுதப்பட்டிருப்பது இவ்வளவுதான்.

எலவனாசூர்கோட்டைக்கு இந்த எண்கள் தாராளமானவை. இங்கே மார்கழி இரவிலும் 6 டிகிரி குளிர் வருவதில்லை. ஆனால், அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலுள்ள தில்லியிலும் பஞ்சாபிலும் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 3, 4 டிகிரிக்கு இறங்குவது புதிதன்று. லே நகரில் ஜனவரி இரவுகள் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி அமையும். திராஸில் மைனஸ் 20-க்கும் கீழே போகும். கன்னியாகுமரிக்கும் கார்கிலுக்கும் ஒரே எண்ணைக் கொண்டு அளந்துவந்த தரநிலை, இமயமலைக்குப் போதாது என்பது வெளிப்படை.

ஒப்பிட்டுப் பார்க்க ஜெர்மனியை எடுத்துக் கொள்ளலாம். பரப்பளவில் ராஜஸ்தானைவிடச் சற்றே பெரிய அந்த நாட்டில் டீசலின் குளிர்த் தாங்குதிறன் ஆண்டில் மூன்று படிகளாக மாறுகிறது. கோடையில் 0 டிகிரி. இடைப்பட்ட வாரங்களில் மைனஸ் 10. நவம்பர் 16 முதல் பிப்ரவரி இறுதி வரை மைனஸ் 20. வாகன உரிமையாளர் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. குளிர் வரும் முன்பே பங்குகளில் கிடைக்கும் டீசல் மாறிவிட்டிருக்கும்.

2019-க்கு முன்பு லடாக், இமாசலத்தின் காசா, கேலாங் போன்ற இடங்களில் மக்கள் என்ன செய்தார்கள்? டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்தார்கள். மண்ணெண்ணெயில் நீண்ட மெழுகுச் சங்கிலிகள் குறைவு. அதனால் கலவை எளிதில் உறைவதில்லை. வேறு வழியில்லாத இடத்தில் அது அனுபவ அறிவு. ஆனால், அதே செயல் சமவெளியில் குற்றம். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து விற்பது 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியது.

அந்தக் குற்றத்தைத் தடுக்கப் போனவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், கலப்பட எரிபொருள் விற்ற பங்குமீது நடவடிக்கை எடுத்ததற்காக, உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் 2005 நவம்பர் 19-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25-ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே, எரிபொருள் கலப்படக் கும்பலைத் தட்டிக் கேட்ட கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே எரித்துக் கொல்லப்பட்டார். சமவெளியில் உயிரைக் கொடுத்துத் தடுக்க முயன்ற ஒரு கலப்படத்தை, மலையில் பிழைப்புக்கான வழியாக மக்கள் கடைப்பிடிக்க நேர்ந்தது என்றால், குறை மக்களிடம் இல்லை. தகுந்த எரிபொருளை அங்கே கொண்டு சேர்க்காததில்தான் இருந்தது.

இன்னொரு காரணத்தாலும் மண்ணெண்ணெய்க் கலவை இன்று ஏற்புடையதாக இல்லை. டீசல், எரிபொருளாக மட்டுமன்றி, அதைச் செலுத்தும் பம்புக்கு உயவு எண்ணெயாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு குறைவு. பழைய லாரிகளின் இயந்திரங்கள் ஓரளவு தாங்கின. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 வாகனங்களில், மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைச் செலுத்தும் நுண்ணிய பம்புகளும் புகையைச் சுத்திகரிக்கும் அமைப்புகளும் உள்ளன. கந்தகம் மிகுந்த மண்ணெண்ணெய் அவற்றை எளிதில் கெடுத்துவிடும்.

இந்த நிலையில்தான் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான குளிர்கால டீசல் வந்தது. அதன் ஒழுகுநிலை மைனஸ் 33 டிகிரி. சாதாரணக் குளிர்கால டீசலுக்கான 3 டிகிரி வரம்போடு ஒப்பிட்டால் இடைவெளி 36 டிகிரி. பி.எஸ். 6 தரத்துக்கு உட்பட்டு, 5 விழுக்காடு உயிரி டீசலும் கலந்தே இது தயாரிக்கப்பட்டது. பொதுவாக இத்தகைய டீசலைத் தயாரிக்க ஆலைகளுக்கு மூன்று வழிகள் உண்டு: வடித்தெடுக்கும்போது கனமான பகுதியைக் குறைப்பது, நீண்ட மெழுகுச் சங்கிலிகளை வினையூக்கிகளின் துணையால் கிளைத்த சங்கிலிகளாக மாற்றுவது, படிகங்கள் பெரிதாக வளராமல் தடுக்கும் சேர்மானங்களைக் கலப்பது. எதுவாயினும் அது ஆலையில் நடக்க வேண்டிய வேலை, சாலையோரத்தில் செய்யக்கூடியதன்று.

அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதா? பாதிதான் தீர்ந்திருக்கிறது. மீதிப் பாதி இனிமேல்தான் வளரப் போகிறது. அதற்குக் காரணம் சுரங்கப் பாதைகள்.

இதுவரை லடாக்கின் சாலைகளைக் குளிர்காலத்தில் பனியே மூடிவந்தது. சோஜி லா அடைபட்டால் வெளியூர் லாரிகள் அந்தப் பக்கம் போவதில்லை. கோடையிலேயே உணவும் எரிபொருளும் ராணுவத்துக்கும் மக்களுக்கும் சேமித்து வைக்கப்படும். எனவே, கடுங்குளிரில் டீசலை எப்படிக் கையாள்வது என்ற கவலை, அங்கே வாழ்பவர்களுக்கும் படைவீரர்களுக்கும் உரியதாகவே இருந்தது. 2020 அக்டோபர் 3-இல் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. 2025 ஜனவரி 13-இல் சோனமார்க் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. அதற்கு அப்பால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளத்தில் சோஜி லா சுரங்கப் பாதையும், இமாசலத்திலிருந்து சன்ஸ்கார் செல்லும் வழியில் ஷிங்கு லா சுரங்கப் பாதையும் திட்டமிடப்பட்டுப் பணிகள் தொடங்கப்பட்டன. இவை நிறைவேறினால் ஆண்டு முழுவதும் போக்குவரத்து இருக்கும். பனி வரும்போது சாலையை மூடிய வாயில் இனி மூடாது. அப்போது ஜனவரி மாதத்துக் கார்கிலுக்குப் போகப் போகிறவர், மைனஸ் 20 டிகிரியை ஒருமுறையும் கண்டிராத சமவெளி ஓட்டுநர்.

இங்கேதான் டீசலின் ஒரு தனித்தன்மை கவனத்துக்குரியதாகிறது. அரிசியோ சிமென்டோ வாங்கிய இடத்தில் எப்படி இருந்ததோ, அப்படியே போய்ச் சேரும். டீசல் வாங்கும் இடம் வேறு, எரியும் இடம் வேறு. நெடுந்தூர லாரிகளின் டேங்கில் சில நூறு லிட்டர் டீசல் இருக்கும். எந்த மாநிலத்தில் விலை குறைவோ, அங்கே டேங்கை நிரப்பிக் கொள்வது வாடகை லாரித் தொழிலின் எளிய கணக்கு. அதில் தவறில்லை. ஆனால், சமவெளியில் மலிவாக நிரப்பிய டீசலோடு மலையேறினால், அந்தக் கணக்கில் மிச்சமான பணத்தைப்போல் பல மடங்கு ஒரே இரவில் போய்விடும். நிலச்சரிவாலோ பனியாலோ ஜம்மு–ஸ்ரீநகர் சாலை அடைபட்டு லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்பது நாம் ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. இயந்திரம் அணைந்து நிற்கும் லாரியின் டேங்குதான் முதலில் குளிரும்.

உறைந்த டீசலை இளக்க டேங்கின் அடியில் துணியையோ விறகையோ கொளுத்தி வைக்கும் பழக்கம் மலைச்சாலைகளில் நெடுங்காலமாக உண்டு. இதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. நம் நாட்டுத் தரநிலையின்படி டீசல் தீப்பற்றும் ஆவியை வெளியிடத் தொடங்கும் வெப்பநிலைக்கான கீழ்வரம்பு 35 டிகிரி மட்டுமே. கள்ளக்குறிச்சியின் சித்திரை மாதப் பகல் வெப்பமே அதைத் தாண்டும். டேங்கின் அடியில் எரியும் தீ அந்த வெப்பத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். வண்டிக்கு அடியில் குனிந்து தீ வைத்துக் கொண்டிருப்பவர், பெரும்பாலும் கூலிக்கு வந்த ஓட்டுநராகவோ உடன் வந்த கிளீனராகவோதான் இருப்பார்.

புதிய லாரிகளில் இன்னொரு நீர்மமும் உண்டு. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்கப் பயன்படும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். உறையும்போது விரியவும் செய்யும். விளிம்புவரை நிரப்பிய டேங்கு விரிசல் விடலாம். எனவே, டீசல் டேங்கை நிறைத்து வைப்பதும், யூரியாக் கரைசலின் டேங்கில் சற்று இடம் விட்டு வைப்பதும் மலைக்குரிய விதிகள்.

ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டியவை உண்மையில் அதிகமில்லை. சமவெளியில் நிரப்பிய டீசல் குறைந்த அளவில் எஞ்சியிருக்கும்படி மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கிடைக்கும் குளிர்கால டீசலால் டேங்கை நிரப்ப வேண்டும். டேங்கு நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்று தங்க இடமிராது. அதனால் நீர் சேர்ந்து பனிக்கட்டியாவதும் குறையும். வடிகட்டியின் அடியில் சேரும் நீரை அன்றாடம் வெளியேற்ற வேண்டும். மாற்று வடிகட்டி ஒன்று கையிருப்பில் இருப்பது நல்லது. உறைவைத் தடுக்கும் சேர்மானங்களை, டீசல் இன்னும் தெளிவாக இருக்கும்போதே கலக்க வேண்டும். மெழுகு படிந்த பிறகு ஊற்றினால் பெரும்பயன் இல்லை. இரவில் காற்று நேராக வீசாத இடத்தில் நிறுத்த வேண்டும். எல்லாம் செய்தும் உறைந்துவிட்டால், வண்டியைக் கூரையுள்ள வெதுவெதுப்பான இடத்துக்கு இழுத்துச் சென்று காத்திருப்பதே வழி. வடிகட்டியையும் குழாயையும் வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றலாம். நெருப்பு மட்டும் கூடாது.

இத்தனையும் நான்கு பக்கத் துண்டறிக்கையில் அடங்கிவிடும். சேலம், நாமக்கல் லாரி உரிமையாளர் சங்கங்களும் எண்ணெய் நிறுவனங்களும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் சேர்ந்தால், ஐப்பசிக்குள் அதைத் தமிழில் அச்சிட்டு ஓட்டுநர்களின் கையில் கொடுத்துவிட முடியும். பேராசை ஏதுமில்லாத எளிய கோரிக்கை இது.

அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. முதலாவதாக, ‘குளிர்காலம், கோடைக்காலம்’ என நாடு முழுவதற்கும் இரண்டே பிரிவுகளாக உள்ள டீசல் தரநிலையை மண்டலவாரியாகவும் பிரிக்க வேண்டும். தெற்குக்கு மைனஸ் டிகிரி டீசல் தேவையில்லை. அது வீண் செலவு. வட சமவெளிக்கு ஓர் எண், மலையடிவாரத்துக்கு ஓர் எண், இமயத்துக்கு ஓர் எண் என்று வகுப்பதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. இரண்டாவதாக, இமயமலைச் சாலைகளின் பங்குகளில் விற்கப்படும் டீசல் எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்பதை, விலையை எழுதிவைப்பதுபோல் பலகையில் எழுதிவைக்க வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டு உறங்கலாமா, கூடாதா என்பதை ஓட்டுநர் தீர்மானிக்க அந்த ஓர் எண் போதும்.

மூன்றாவது, எதிர்காலம் பற்றியது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்குக்கு நாம் இன்னும் வெகு தொலைவில் இருக்கிறோம் என்றாலும், இறக்குமதிச் செலவைக் குறைக்கும் நல்ல கொள்கை அது. பயன்படுத்திய சமையல் எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-இலேயே தொடங்கியது. ஆனால், நம் உணவகங்களில் மிகுதியாகப் புழங்கும் பாமாயிலிலிருந்து கிடைக்கும் உயிரி டீசல், ஏறக்குறைய 13 முதல் 16 டிகிரியிலேயே மங்கத் தொடங்கிவிடும். தமிழகத்தில் அது பொருட்டன்று. பஞ்சாபின் தை மாதத்தில் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

இதற்கும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் கோடை மாதங்களில் 20 விழுக்காடு உயிரி டீசலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குளிர்காலத்தில் அதை 5 விழுக்காடாகக் குறைத்துக் கொள்கிறது. பருவத்துக்கேற்ப விகிதத்தை மாற்றுவதால் கொள்கை தோற்றுவிடவில்லை. நம்முடைய பானிபட் டீசலும் 5 விழுக்காடு உயிரி டீசலோடுதான் மைனஸ் 33 டிகிரியைத் தொட்டது. ஆக, உயிரி டீசலும் குளிரும் பகையன்று. எந்த எண்ணெயிலிருந்து, எந்த மாதத்தில், எந்த மண்டலத்துக்கு என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். 2030-ஐ நெருங்கிய பிறகு அவசரமாக விதி எழுதுவதைவிட, இப்போதே எழுதிவிடுவது நல்லது.

பனிமலை தமிழர்களுக்குத் தொலைவான இடம் என்று இனியும் சொல்வதற்கில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் உயிரிழந்த மெட்ராஸ் படைப்பிரிவு வீரர்களுள் தமிழகத்தவரும் உண்டு. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். படைவீரருக்குக் குளிரை எதிர்கொள்ளப் பயிற்சியும் உடையும் மருத்துவரும் உண்டு. அதே சாலையில் சரக்கேற்றிப் போகும் ஓட்டுநருக்கு, முன்பு போய்வந்த இன்னொரு ஓட்டுநரின் வாய்ச்சொல் மட்டுமே துணை. அந்த வாய்ச்சொல்லில் ‘அடியில் கொஞ்சம் தீ மூட்டு’ என்பதும் கலந்திருக்கிறது.

உறைந்த தேங்காய் எண்ணெய் குப்பியை அடுப்பின்மேல் வைக்கக்கூடாது என்பதை நம் வீடுகளில் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் ஒருமுறை சொல்லியிருப்பார். அது போதுமானதாக இருந்தது. எலவனாசூர்கோட்டையைக் கடந்து வடக்கே போகும் ஓட்டுநருக்கும், சாவியைத் திருப்புவதற்கு முன்பு யாராவது ஒருவர் அதைச் சொல்லியனுப்ப வேண்டும்.